நல்ல கண்ணைச் சுடச் சொன்னார்கள்

கர்த்தருக்குள் என் கூடப்பிறந்தவர்களாகிய உங்களுக்கு, எனக்கு நடந்ததை நடந்தபடி எழுதிச் சொல்ல வந்திருக்கிறேன். கூட்டிச் சொல்ல எனக்குத் தெரியாது. குறைத்துச் சொல்லவும் மனம் வரவில்லை.

என் பெயர் ராஹேல். பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆயாவாக இருக்கிறேன். விடிவதற்கு முன்னே பேர் கூப்பிடுகிற பிரட்டுக்குப் போகிற தாய்மார்கள் தூங்குகிற பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்காட்டுக்குப் போவார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை அந்தப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து, குளிப்பாட்டி, தொட்டிலில் போட்டு ஆட்டுவது என் வேலை. தோட்டத்தில் பெரியவருக்கும் சின்னவருக்கும் நான் ஆயாக்காதான். ராஹேல் என்று கூப்பிட ஆள் இல்லை.

என் கணவர் மாரடைப்பில் போய்ப் பல வருடம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. பஸ்ஸில் போகிற தூரத்தில், அசாம் ஜாவா என்ற ஊரில் எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். நான் ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து அவர் என் வாசலை மிதிப்பதில்லை. பகலெல்லாம் என்னைச் சுற்றிப் பிள்ளைச் சத்தம். மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொரு தாயாக வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கடைசிப் பிள்ளையும் போன பிறகு தொட்டில் கயிறுகள் மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருக்கும். நான் வீட்டுக்குப் போவேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் சுவர் என்பது பலகைதான். இந்தப் பக்கத்து வீட்டில் சோறு போடுகிற சத்தம் கேட்கும். அந்தப் பக்கத்து வீட்டில் ரேடியோ பாடும். நடுவில் நான் இருப்பேன்.

1986ஆம் வருடக் கடைசி, மழைக்காலம். ஒரு காலை, குழந்தை ஒன்றைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீருக்குள் ஒரு கருப்பு நூல் மிதந்தது. கையால் எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. தண்ணீரை மாற்றினேன். நூல் அங்கேயே இருந்தது. தலையைத் திருப்பினேன், நூலும் திரும்பியது. அப்போதுதான் அது தண்ணீரில் இல்லை, என் வலது கண்ணுக்குள் இருக்கிறது என்று புரிந்தது. மறுநாள் அந்த நூல் கலைந்து புகையாகிவிட்டது. அடுப்படிப் புகையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பார்ப்பது போல் இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. இடது கண் நன்றாகத்தான் தெரிந்தது. போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். தவழ்கிற பிள்ளை ஒன்று என் வலது பக்கமாகவே ஊர்ந்து வாசலைத் தாண்டிக் கால்வாய் ஓரம்வரை போய்விட்டது. எனக்குத் தெரியவில்லை. மழைக்குச் சீக்கிரம் திரும்பிய ஒரு தாய் பார்த்துத் தூக்கினாள். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, "என்னாக்கா, பாக்கலியா?" என்று மட்டும் கேட்டாள். அன்று முழுவதும் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தோட்டத்து மருந்தகத்து டிரெஸரிடம் போனேன். எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருக்கிறது என்று அவர் முன்பே சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார். இனிப்பு நீர் கண்ணுக்குள்ளும் போகும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவர் என்னைக் கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே ஒரு மலாய் டாக்டரம்மா. சின்ன வயது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்காரவைத்து வெகு நேரம் பார்த்தார். பிறகு மலாயில் மெதுவாகச் சொன்னார். எனக்குச் சந்தை மலாய் தெரியும், ஆஸ்பத்திரி மலாய் தெரியாது. பக்கத்தில் நின்ற மிஸ்ஸி, தமிழ் நர்ஸ், எனக்கு எடுத்துச் சொன்னார்.

"அக்கா, ஒங்க சோத்துக்கைப் பக்கத்துக் கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. அது தெளியுமா இல்லையான்னு காத்திருந்துதான் பாக்கணும். இப்ப அவசரம் அந்தக் கண்ணு இல்ல. இந்தக் கண்ணு."

மிஸ்ஸி தொட்டுக் காட்டியது என் இடது கண்ணை.

"இதுதான் நல்லாத் தெரியுதே," என்றேன்.

"தெரியுது. ஆனா உள்ளுக்கு அதே மாதிரி கெட்ட ரத்தக் கொழாய் மொளச்சிருக்கு. அது எப்ப வேணும்னாலும் ஒடையும். ஒடையறதுக்கு முன்னாடி லேசர் வெளிச்சத்தால சுட்டுடணும்னு டாக்டர் சொல்றாங்க."

எனக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு கண். அதைச் சுட வேண்டும் என்கிறார்கள்.

சுட்டால் நன்றாகிவிடுமா என்று கேட்டேன். டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன். போன பார்வை வராது, இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் பார்க்கிறோம் என்றார். ஓரப் பார்வை கொஞ்சம் குறையும். அந்தி சாய்ந்தால் முன்போல் தெரியாது. பல தடவை வர வேண்டும். அவ்வளவும் செய்தும் சிலருக்குக் கேட்காது. செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "பூத்தா." மலாயில் குருடு. அதற்கு மிஸ்ஸி அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை வரச் சொன்னார்கள். "தனியா வராதீங்கக்கா. சொட்டு மருந்து விட்டு, லேசரும் அடிச்சா, திரும்பிப் போறப்ப வழி தெரியாது. வீட்ல யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க," என்றார் மிஸ்ஸி.

வீட்டில் யாராவது. நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது இடது கண்ணை மூடி மூடிப் பார்த்தேன். மூடினால் ஒன்றுமில்லை. வெளியே வெயில் இருக்கிறது என்பது மட்டும் புகைக்குள் தெரியும். திறந்தால் எல்லாம் இருந்தது. செம்பனை மட்டை, ஈயம் தோண்டிய குளத்துத் தண்ணீர், முன் சீட்டில் இருந்த பெண்ணின் தலைப் பூ. வேலை போனால் லயத்து வீடும் போகும். அதுகூட அன்று பெரிதாகத் தெரியவில்லை. ஒரு பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் ஏதோ ஒரு வீட்டில், யாரோ ஒருவர் வைக்கிற சோற்றுக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே, அதுதான் கண்முன் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனேன். பட்டணத்துக் கடை ஒன்றின் மேல்மாடியில் அப்போது நாம் கூடிக்கொண்டிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று சொன்னேன். எல்லோரும் என்னைச் சுற்றி வந்து கைவைத்து ஜெபித்தீர்கள். அழுதும் ஜெபித்தீர்கள். ஜெயசீலி அக்கா மட்டும் பிறகு என்னைத் தனியாக அழைத்தார்.

"ராஹேல், ஒன்னு ஆண்டவர நம்பு, இல்ல லேசர நம்பு. ரெண்டு தோணியில கால வைக்காத லா. சுகம் குடுக்கிறவருக்கு மிசின் எதுக்கு?"

அவர் அன்பில்தான் சொன்னார். அவருடைய மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது ஜெபத்தால் பிழைத்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். நான் பாஸ்டரிடம் போனேன். "அம்மா, செய்யின்னு ஆண்டவர் எனக்குச் சொல்லல. செய்யாதேன்னும் சொல்லல. சொல்லாதத சொன்னாருன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? ஒங்களுக்காக ஜெபிக்கிறேன்," என்றார்.

நீங்கள் எல்லோரும் ஜெபிக்கிறோம் என்றீர்கள். கூட வருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. புதன்கிழமை வேலை நாள். ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போகும். வாயைத் திறந்து கேட்காதவள் நான்தான். ஆனாலும் படியிறங்கும்போது, இத்தனை கை என் தலைமேல் இருந்ததே, ஒரு கைகூட என்னோடு பஸ் ஏறாதே என்று நினைத்தேன்.

அந்த வாரம் அசாம் ஜாவாவுக்குப் போய் அண்ணனைப் பார்த்தேன். அண்ணி தேத்தண்ணி கொடுத்தார். அண்ணன் கடைசிவரை என் முகத்தைப் பார்க்காமல், "ஒன் சாமிதான் இருக்காரே, அவரக் கூட்டிக்கிட்டுப் போ," என்றார். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன்.

எங்கள் தோட்டத்தில் லேசர் என்றாலே எல்லோரும் ஒரு பெயரைத்தான் சொல்வார்கள். பாக்கியம். கடைசி லயத்தில் மகன் வீட்டில் இருக்கிறாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். ஒரு காலத்தில் உரம் போடுகிற கும்பலில் அவளை மிஞ்ச ஆள் இல்லையாம். அவளுக்கும் இனிப்பு நீர். ஆஸ்பத்திரிக்குப் போனாள், கண்ணைச் சுட்டார்கள், இரண்டு கண்ணும் போய்விட்டது. இப்படித்தான் தோட்டத்தில் கதை. குருடி ஆன பிறகு அவள் வாய் மோசமாகிவிட்டது என்று யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் பயம். அவளைப் பார்த்தால் என் நாளையைப் பார்ப்பது போல் இருக்கும் என்று ஒதுங்கியே இருந்தேன்.

இரண்டாவது வாரம், வேறு கேட்க ஆளில்லாமல் அவளிடம் போனேன்.

வீட்டுப் படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். "யாரு?" என்றாள்.

"நான் ஆயாக்கா."

"எந்தப் பிள்ளயத் தேடி வந்த? இங்க பிள்ள எதும் இல்ல."

"உங்களத்தான் பாக்க வந்தேன். எனக்கும் கண்ணுல லேசர் வைக்கணும், ஒரு புதன்கிழம வாங்கன்னு சொல்றாங்க. வச்சதாலதான் உங்களுக்குப் போச்சுன்னு சொல்றாங்களே. அது நெசமா?"

அவள் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டாள். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

"உக்காரு," என்றாள். "நான் போறப்பவே ஒரு கண்ணு போச்சு. இன்னொன்னு பாதி. பல தடவ வரணும்னாங்க. நான் ஒரே தடவதான் போனேன். அதுலயும் பாதியில எந்திரிச்சு ஓடியாந்துட்டேன். கண்ணுக்குள்ள ஊசி குத்துற மாதிரி இருந்துச்சு. பயந்துட்டேன். கூட வந்த என் மவன் வெளியில நின்னு, லோரிக்கு நேரமாச்சு, சீக்கிரம் வான்னு கத்திக்கிட்டு இருந்தான். அப்புறம் போகல. ஒரு தீவாளிக்கு முந்தி மிச்சமும் போச்சு."

"அப்ப லேசரால போகலையா?"

"எனக்கு எப்படித் தெரியும்? சுட்டதால போச்சா, ஓடியாந்ததால போச்சா, யாருக்குத் தெரியும்? அதான் என்ன தின்னுது. முழுசா இருந்து முடிச்சிட்டு, அப்புறம் போயிருந்தா, சரி, எந் தலவிதின்னு உக்காந்திருப்பேன்."

அதற்குமேல் அவள் எனக்குப் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. நான் எழுந்தபோது, "இத்தன வருசத்துல இத என்கிட்ட வந்து கேட்ட மொத ஆளு நீதான்," என்றாள்.

திங்கட்கிழமை வந்தது. புதனுக்கு இன்னும் இடையில் ஒரு நாள். பிள்ளைகள் எல்லாம் போன பிறகு கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டுத் தொட்டில்களுக்கு நடுவே முழங்கால் போட்டேன். அதுவரைக்கும் நான், "ஆண்டவரே, எனக்கு அடையாளம் காட்டும், செய்யவா வேண்டாமா சொல்லும்," என்றுதான் ஜெபித்துக்கொண்டிருந்தேன். அடையாளம் வரவில்லை. கனவும் வரவில்லை. வேதத்தைத் திறந்தால் வலது கண்ணின் புகை குறுக்கே வந்து எழுத்தை மறைத்தது.

அன்று என்னிடம் வார்த்தை தீர்ந்துவிட்டது. பெரிய ஜெபம் ஒன்றும் வரவில்லை. கடைசியில் சொன்னது இவ்வளவுதான். "ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. சுகம் கேக்கல. அடையாளம் கேக்கல. எனக்கு ஒரு ஆள் குடுங்க. கூட ஒரு ஆள் இருந்தா நான் போறேன். இல்லாட்டி என்னால போக முடியாது."

சொல்லி முடித்துவிட்டு அழுதேன். என் அழுகை எனக்கே கேட்டது. தகரக் கூரைமேல் மழை பிடித்துக்கொண்டது. அது விடும்வரை அங்கேயே இருந்தேன்.

மழை விட்டபின் வீட்டுக்குக் கிளம்பக் கதவைத் திறந்தேன். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குச்சியால் தட்டித் தட்டி, சேற்றில் பாக்கியம் வந்துகொண்டிருந்தாள். கடைசி லயத்திலிருந்து கொட்டகைக்கு நல்ல தூரம். இடையில் பாலம் வேறு. பாதி நனைந்திருந்தாள்.

"ஆயாக்கா, இருக்கியா?"

"இருக்கேன்."

"எந்தப் பொதன்கெழம? இந்தப் பொதனா, அடுத்ததா?"

"இந்தப் புதன்."

"யாரு கூட வர்றா?"

நான் கதவுக் கொண்டியை மாட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான் வர்றேன்," என்றாள்.

பிரியமானவர்களே, அப்போது என் மனசில் வந்ததை மறைக்காமல் சொல்கிறேன். நன்றி வரவில்லை. எனக்கு வழி காட்டத்தானே ஓர் ஆள் கேட்டேன், அதற்குக் கண் தெரியாத ஒருத்தியையா அனுப்புவீர் என்றுதான் வந்தது. வாய்விட்டும் கேட்டுவிட்டேன்.

"நீங்க வந்து எப்படிக்கா? உங்களுக்கே..."

"எனக்குத் தெரியாதுதான். ஆனா எந்த எடத்துல நான் பயந்து ஓடுனேனோ அந்த எடம் எனக்குத் தெரியும். அங்க ஒன் பக்கத்துல இருக்கேன். அதோட வீட்ல உக்காந்து உக்காந்து எனக்கும் சலிச்சுப் போச்சு. போறப்ப பஸ்டேண்டுல எனக்கு ஒரு கோப்பி வாங்கிக் குடு. அது போதும்."

நான் சிரித்தேன். அழுதுகொண்டே சிரித்தேன். போவதா வேண்டாமா என்று இத்தனை நாள் என்னை அரித்த கேள்வி அப்போது என்னை விட்டு எங்கே போனது என்று தெரியவில்லை. திரும்ப அது வரவே இல்லை.

புதன்கிழமை இருவரும் போனோம். கொட்டகையை அன்று ஒரு பிள்ளையின் பாட்டி பார்த்துக்கொண்டார். பஸ் ஏறும்போது பாக்கியம் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் என்ன தெரிகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். யாருக்காவது ஒன்றைப் பார்த்துச் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி எங்களைப் பார்த்துத் திகைத்துப் போனார். "இவங்களா ஒங்களக் கூட்டிட்டுப் போகப் போறாங்க?"

"ஆமா, அதுக்கு என்னா?" என்றாள் பாக்கியம். "நான் உள்ளுக்கு வரணும். ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன். இருட்டு ரூம்தானே, எனக்கென்னா?"

மிஸ்ஸி டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா சிரித்துவிட்டுத் தலையசைத்தார்.

என் தாடையை ஒரு கிண்ணத்தில் வைக்கச் சொன்னார்கள். நெற்றியில் ஒரு பட்டை. கண்மேல் கண்ணாடி மாதிரி ஒன்றை வைத்து இமை மூடாமல் பிடித்துக்கொண்டார்கள். பிறகு பச்சை வெளிச்சம். மின்னல் கண்ணுக்குள்ளேயே வெட்டியது. முதலில் வலி இல்லை. கொஞ்சம் போகப் போக, கண்ணுக்குப் பின்னால், மூளைக்குப் பக்கத்தில் யாரோ ஊசியால் தொடுவது போல் வந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் என் உடம்பு துள்ளப் பார்த்தது. மனப்பாடம் செய்து வைத்திருந்த ஜெபம் எல்லாம் மறந்துபோனது. ஒரு வரிகூட இல்லை. எழுந்துவிட வேண்டும், கதவு எங்கே என்று மட்டும் இருந்தது.

"இந்த எடந்தான்," என்று முதுகுக்குப் பின்னால் பாக்கியத்தின் குரல் கேட்டது. "இந்த எடத்துலதான் நான் எந்திரிச்சேன். நீ அசையாத. நான் இங்கதான் இருக்கேன்."

அவளுடைய வெற்றிலை வாசம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு நான் அசையாமல் இருந்தேன். தேவன் என் பக்கத்தில் இருக்கிறார் என்று எத்தனையோ பாட்டு பாடியிருக்கிறேன். பக்கத்தில் இருப்பது என்றால் என்ன என்று அந்த இருட்டறையில்தான் தெரிந்தது.

முடிந்து வெளியே வந்தபோது எனக்கு உலகமே கத்தரிப்பூ நிறத்தில் கலங்கிக் கிடந்தது. வலது கண்ணில் பழைய புகை, இடது கண்ணில் புதுக் கலங்கல். இப்போது எங்கள் இருவருக்குமே கண் இல்லை. நடைபாதையில் நான் நின்றுவிட்டேன். யாரையும் நிறுத்தி உதவி கேட்டுப் பழக்கமில்லாதவள் நான். சாகும்வரை அங்கேயே நின்றிருப்பேன். பாக்கியம் அப்படி இல்லை. குச்சியைத் தூக்கி ஆட்டி, "யாரு வர்றது? நாங்க ரெண்டு பேரும் பார்வையில்லாதவங்க. பஸ்டேண்டு எந்தப் பக்கம்?" என்று தமிழிலும் மலாயிலும் கூப்பிட்டாள். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. ஆனால் ஆட்கள் வந்தார்கள். ஒரு மலாய்ப் பையன் சாலையைக் கடத்திவிட்டான். ஒரு சீனக் கண்டக்டர் எங்களை முன் சீட்டில் உட்காரவைத்து, பத்தாங் பெர்ஜுந்தாய் வந்ததும் தானே கையைப் பிடித்து இறக்கிவிட்டார். கேட்டால் கொடுக்கிறார்கள் என்பதை நான் அந்த வயதில்தான் கண்டேன்.

பெரிய சாலையிலிருந்து தோட்டத்துக்குள் போகும் செம்மண் பாதையில் அவள் முன்னால் போனாள். குச்சியால் கால்வாய் ஓரத்தைத் தட்டிக்கொண்டே போனாள். நான் அவள் தோளில் கைவைத்துப் பின்னால் போனேன். எதிரே சைக்கிளில் வந்த மண்டோர், வேலையாட்களை மேய்க்கிறவர், இறங்கி நின்றார்.

"என்னா இது, குருடிக்குக் குருடி கூட்டா? ரெண்டு பேரும் கால்வாயில விழப் போறீங்க."

"விழுந்தா நீ தூக்கிவிடு, அதுக்குத்தானே கண்ணு இருக்கு," என்றாள் பாக்கியம்.

நாங்கள் விழவில்லை.

அதன் பிறகு பல புதன்கிழமைகள் போனோம். முதல் தடவை போய் வந்த அடுத்த ஞாயிறு இதை நான் சபையில் சொன்னபோது ஜெயசீலி அக்கா என்னிடம் வராமல் படியிறங்கிப் போய்விட்டார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது தடவை நாங்கள் பஸ்ஸுக்கு நின்றபோது அவர் இட்லி கட்டி எடுத்துக்கொண்டு அங்கே வந்து நின்றார். "நானும் வர்றேன் லா," என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வழியில் அவரும் பாக்கியமும் இட்லிக்குச் சட்னி கெட்டியாக இருக்க வேண்டுமா தண்ணியாக இருக்க வேண்டுமா என்று சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.

இது நடந்து இப்போது மூன்று வருடம் ஆகிறது. முழுச் சுகம் கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டரம்மா சொன்னது போலவே, அந்தி சாய்ந்தால் எனக்குத் தடுமாற்றம். பக்கத்தில் வந்து நிற்கிற ஆளைத் தலையைத் திருப்பினால்தான் தெரியும். வலது கண்ணின் புகை மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கியது. இப்போது அதில் ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது. ஆனால் இடது கண் நின்றுவிட்டது. உடையவில்லை. போன மாதம் பார்த்தபோதும் அப்படியே இருக்கிறது என்றார்கள். இனிப்பு டின் பாலை விட்டுவிட்டேன். மாத்திரையை மறப்பதில்லை. கொட்டகையின் கால்வாய்ப் பக்கம் அடைப்பு வைக்கச் சொல்லித் தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் நானே போய்க் கேட்டேன். வைத்துக் கொடுத்தார்கள். பிள்ளைகளை என்னிடம் இன்னும் நம்பி விடுகிறார்கள்.

பாக்கியம் பல நாள் காலையில் வந்துவிடுவாள். தொட்டில் ஆட்டக் கண் எதற்கு என்பாள். அழுகிற சத்தத்தை வைத்தே எந்தப் பிள்ளை என்று சொல்லிவிடுவாள், பாதி நேரம் தப்பாகச் சொல்வாள். அவள் இன்னும் மாரியம்மனைத்தான் கும்பிடுகிறாள். "ஒன் சாமி என்ன எதுக்கு அனுப்புனாருன்னு அவருகிட்டயே கேளு, எனக்குத் தெரியாது. நான் கோப்பிக்குத்தான் வந்தேன்," என்று சொல்வாள். நான் அவளுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். அது அவளுக்கும் தெரியும்.

தனிமை முழுவதும் போய்விட்டதா என்றால், இல்லை. மாலையில் இன்னும் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்திதான். அண்ணன் இன்னும் வரவில்லை. அவருக்காகவும் காத்திருக்கிறேன். ஆனால் முன்பு அந்தத் தனிமைக்குள் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இப்போது கேட்கிறேன். ஆண்டவரிடமும் கேட்கிறேன், பக்கத்து வீட்டிலும் கேட்கிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கலாம். ஆஸ்பத்திரியா, வேலையா, பிள்ளையின் கல்யாணமா, எனக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் பயமாக இருக்கலாம். ஜெபித்தும் பதில் வரவில்லையே என்று நீங்கள் சோர்ந்து போயிருக்கலாம். நான் சொல்வது இதுதான். அடக்கமாக, அழகாக ஜெபிக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பயமாக இருக்கிறது என்று அவரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். என்ன வேண்டும் என்று சின்னதாகக் கேளுங்கள். அவர் அனுப்புகிற ஆள் உங்கள் கண்ணுக்கு ஆளாகவே தெரியாமல் இருக்கலாம். திருப்பி அனுப்பிவிடாதீர்கள். வா என்று சொல்லி, கிளம்புங்கள்.

என் தேவன் என்னைத் தனியாக விடவில்லை. இதை நான் யாரோ சொல்லிக் கேட்டுச் சொல்லவில்லை. ஒரு கண்ணால்தான் பார்த்தேன். பார்த்ததைத்தான் சொல்கிறேன்.